வனக்கல்வியின் தந்தை ஸர் டீட்ரிக் பிராண்டிஸ்

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. முற்றத்து முருங்கைக்கும் தோட்டத்து மாவுக்கும் அது பொருந்தும். ஒருவரும் வையாது தானே முளைத்துத் தானே வளர்ந்த கானகத்து மரத்துக்குக் காவலர் யாவர்? அதனை வெட்டுதற்கு மட்டும் பலர் கோடரியுடன் முன்வருவர். காட்டை வேலியிட்டுப் பூட்டிவிடுதல் எளிது. உள்ளதையெல்லாம் வெட்டி விற்றுவிடுதல் அதனினும் எளிது. ஆண்டுதோறும் மரம் எடுத்தும் காடு குறையாதிருக்கச் செய்தலே அரிது.

இவ்வருமைக்குக் காரணம் காலத்தின் அளவேயாம். தேக்கு ஒன்று பெருமரமாவதற்கு நூறாண்டும் அதற்கு மேலும் ஆகும். அதனைப் பேணும் உத்தியோகஸ்தரோ முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெறுவர். நட்டவர் வெட்டுவதில்லை, வெட்டுவோர் நட்டவரைக் கண்டதில்லை. ஒரு தலைமுறை கற்ற அறிவை அடுத்த தலைமுறையினிடம் தவறாது ஒப்புவிக்கும் கல்விச்சாலை இருந்தாலன்றி இவ்விடைவெளி நிரம்பாது. இவ்வுண்மையைக் கண்டு, நம் நாட்டில் வனக்கல்விக்கு அடிகோலியவர் ஸர் டீட்ரிக் பிராண்டிஸ். இந்திய வனவியலின் தந்தை என்று அறிஞர் அவரைப் போற்றுவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜெர்மனி தேசத்தில் ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகரில், 1824-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் நாள் பிராண்டிஸ் பிறந்தார். தந்தையார் கிறிஸ்டியன் ஆகஸ்ட் பிராண்டிஸ் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். கிரேக்க தத்துவ ஆராய்ச்சியிற் பெயர் பெற்றவர். கிரேக்க நாட்டின் புதிய அரசராகிய ஆட்டோவுக்குத் துணைபுரியும் பொருட்டு அவர் ஆதென்ஸ் நகரில் வாழ்ந்த காலத்து, சிறுவராகிய டீட்ரிக்கும் உடன் இருந்தார். பின்னர் கோபன்ஹேகன், கோட்டிங்கென், பான் ஆகிய நகரங்களிற் கல்வி பயின்று, 1849-இல் பான் பல்கலைக்கழகத்திலேயே தாவர சாஸ்திர விரிவுரையாளராக அமர்ந்தார். செடிகொடிகளை ஆராய்ந்து நூல் எழுதி அமைதியாகக் காலங்கழிக்கும் வாழ்வே அவர்க்கு விதித்ததுபோற் காணப்பட்டது.

அவ்வாழ்வின் திசையைத் திருப்பியது ஒரு திருமணமாகும். வங்காளத்து ஸ்ரீராம்பூரில் கேரி, வார்டு என்போருடன் கூடி 1818-இல் கல்லூரி நிறுவிய ஜோஷுவா மார்ஷ்மன் என்பாரை மிஷன் கல்லூரி மாணாக்கர் நன்கு அறிவர். அவர் புதல்வியாரும், வாய்க்ட் என்னும் டேனிஷ் தாவர நூலறிஞரை இளமையில் இழந்தவருமாகிய ரேச்சல் அம்மையாரை 1854-இல் பிராண்டிஸ் மணந்தார். அம்மையாரின் தமக்கை தங்கையருள் ஒருவர் ஹென்றி ஹேவ்லாக் என்னும் படைத்தலைவரின் மனைவியார். இவ்வுறவின் வழியாகப் பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி பிரபுவின் செவிக்கு எட்டிற்று. பெகு நாட்டுத் தேக்கங்காடுகளுக்கு ஒரு மேற்பார்வையாளரை அவ்வேளை பிரபு தேடிக்கொண்டிருந்தார். 1856-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பிராண்டிஸ் பர்மா சென்று அவ்வேலையை ஏற்றார். அப்போது அவர்க்கு வயது 31.

அக்காடுகளின் நிலையை அறிந்தாலன்றி அவர் செயலின் பெருமை விளங்காது. இங்கிலாந்தில் ஓக் மரம் அருகவே, கப்பல் கட்டுதற்குத் தேக்கு இன்றியமையாத பொருளாயிற்று. 1826-இல் ஆங்கிலேயர் கைப்பட்ட தெனாசரிம் பிரதேசத்துக் காடுகளில் வியாபாரிகளுக்கு உரிமைச்சீட்டு வழங்கப்பட்டது. நாளை அக்காடு தமக்கு உரியதாகுமோ என்பதை அறியாதவர் இன்றே அதனை வெறுமையாக்கினர். சில பத்தாண்டுகளில் நல்ல மரங்கள் அரியவாயின. 1852-ஆம் ஆண்டுப் போரின் முடிவில் பெகு நாடும் ஆங்கிலேயர் வசமானபோது, அதன் காடுகளும் அக்கதியை அடையலாகாதென்று டல்ஹௌஸி எண்ணினார். பெகுத் தேக்கு அரசாங்கத்தின் சொத்து என்று 1855-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் அறிவித்தார். அவ்வறிவிப்பைக் காட்டிற் செயற்படுத்தும் பொறுப்பே பிராண்டிஸின் தலைமேல் விழுந்தது.

தேக்கு எடுக்கும் முறையும் அறியத்தக்கது. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆதலின் வெட்டவேண்டிய மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையம்போற் சுற்றிலும் செதுக்கி நீரோட்டத்தைத் தடுப்பர். மரம் நின்றபடியே பட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் உலர்ந்து இலேசாகும். பின்பே அதனை வீழ்த்தி, யானைகளைக் கொண்டு ஓடைக்கரைக்கு இழுப்பர். மழைக்காலத்து வெள்ளம் கட்டைகளைப் பேராற்றிற் சேர்க்கும். அங்கே அவற்றைத் தெப்பமாகப் பிணித்து ரங்கூனுக்கு மிதக்கவிடுவர். எந்த மரத்துக்கு வளையமிடுவது என்று தீர்மானிப்பவனே காட்டின் விதியைத் தீர்மானிப்பவன் என்பது இதனால் விளங்கும்.

அத்தீர்மானத்துக்கு முதலில் வேண்டுவது கணக்கு. எத்தனை தேக்கு நிற்கின்றது என்பதை எவரும் அறியார். பிராண்டிஸ் யானைமீது ஏறி, மலைமுகடுகள் வழியே காட்டை ஊடறுத்துச் சென்றார். இடக்கையில் நான்கு மூங்கிற் குச்சிகள். வலக்கையில் ஒரு பேனாக்கத்தி. மரங்களைச் சுற்றளவுக்கு ஏற்ப நான்கு வகுப்பாகப் பிரித்துக்கொண்டு, கண்ணிற்பட்ட ஒவ்வொரு தேக்குக்கும் அதன் வகுப்புக்குரிய குச்சியில் ஒரு கீறல் இட்டார். ஆறடிச் சுற்றளவும் அதற்கு மேலும் உள்ளவை முதல் வகுப்பு. மாலையிற் கூடாரம் சேர்ந்ததும் கீறல்களை எண்ணிக் குறிப்பேட்டிற் பதிவார். வழிநெடுகக் கண்டவற்றின் தொகையிலிருந்து முழுக்காட்டின் இருப்பை மதித்தறிந்தார். நம் ஊர்ப் பால்காரி சுவரிற் கோடிட்டுக் கணக்கு வைத்தலினும் எளிய உபாயம் இது. ஆயினும் ஒரு தேசத்தின் வனபரிபாலனம் முழுதும் இக்குச்சிகளிலிருந்தே தொடங்கிற்று.

அடுத்து மரங்களின் வளர்ச்சியை ஆராய்ந்தார். இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பை எட்டுதற்கு ஏறக்குறைய 24 ஆண்டு செல்லும் என்று கண்டார். ஆகவே முதல் வகுப்பு மரங்களில் 24-இல் ஒரு பங்கு மட்டுமே ஓராண்டில் எடுக்கலாம் என்று விதித்தார். கடைசிப் பங்கு வெட்டப்படும்போது அவ்விடத்தை நிரப்பப் புதிய முதல் வகுப்பு மரங்கள் ஆயத்தமாக நிற்கும். பசி வந்த காலத்தும் விதைநெல்லைக் குத்தி உண்ணாத உழவனின் கணக்கே இக்கணக்கு.

வியாபாரிகள் இதனை விரும்பினாரல்லர். ரங்கூன், மோல்மேன் நகரத்து மரவணிகர் அவருக்கு விரோதமாய் முறையிட்டனர். அவர்களின் வற்புறுத்தலால் மரம் வெட்டிக் கொணரும் வேலையிற் பெரும்பகுதி தனியார்க்கு விடப்பட்டதாயினும், மரத்தைத் தேர்ந்து வளையமிடும் அதிகாரம் மட்டும் இலாகாவின் கையைவிட்டு அகலாதபடி காக்கப்பட்டது. கூலிக்கு வெட்டுவோன் எவனாயினும் ஆகுக. குறிக்கின்ற கை கற்ற கையாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் தாற்பரியம்.

வணிகரோடு வழக்காடியதினும் கடினமானது மலைவாணரோடு கொண்ட தொடர்பு. கரேன் என்னும் மக்கள் காட்டை வெட்டி எரித்து ஓரிரண்டாண்டு நெல்லும் பருத்தியும் விளைத்து, பின் வேறிடம் பெயர்வர். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. அவர்களைத் தேக்குக்குப் பகைவராக எண்ணி வழக்குத் தொடுத்த உத்தியோகஸ்தர் உண்டு. பிராண்டிஸோ, எரித்த புனத்தில் நெல்லோடு தேக்கும் வரிசையாக ஊன்றுமாறு அவர்களைத் தூண்டி, பிழைத்த கன்றுகளுக்குக் கூலி வழங்கும் ஏற்பாட்டை வகுத்தார். டாங்கியா என்னும் பர்மியப் பெயரால் இம்முறை பல தேசங்களிற் பரவிற்று. இதனைப் புகழ்வோர் ஒன்றை மறத்தலாகாது. தேக்கு வளர வளர, அந்நிலத்துக்கு மீண்டும் வந்து உழும் உரிமை தம்மைவிட்டு நீங்கும் என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தனர். அதனாலேயே தொடக்கத்தில் உடன்பட மறுத்தனர். காட்டுக்கு ஆதாயமானது காட்டில் வாழ்வோர்க்கும் ஆதாயமாயிற்றா என்னும் வினா அன்று எழுந்தது. இன்றும் முற்றும் தீர்ந்தபாடில்லை.

ஏழாண்டுகள் இவ்வாறு உழைத்தவரை 1862-இல் இந்திய அரசாங்கம் தன்பால் அழைத்தது. 1863-இல் ரேச்சல் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டில், அதாவது 1864-இல், பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வன இன்ஸ்பெக்டர் ஜெனரலாக நியமனம் பெற்றார். அக்காலம் இருப்புப்பாதைகள் விரைந்து பரவிய காலம். ஒரு மைல் பாதைக்கு 1,700-க்கு மேற்பட்ட சிலிப்பர் கட்டைகள் வேண்டும். அவையும் சில ஆண்டுகளில் உளுத்துப்போம். தேவதாருவும் சால் மரமும் மலைச்சரிவுகளிலிருந்து ஓயாது இறங்கின. பர்மாவில் ஒருவர் தம் கையாற் கீறிய குச்சிகள் பரந்த இந்தியாவுக்குப் போதா என்பதைப் பிராண்டிஸ் உணர்ந்தார்.

அந்நாளில் வன இலாகாவிற் சேர்ந்தோர் பட்டாளத்து அதிகாரிகளும் வைத்தியரும் வேட்டையில் விருப்பமுடையோருமே. அவருட் சிலர் பேராற்றல் படைத்தவர். நம் சென்னை மாகாணத்தில் 1856-இல் வனப் பாதுகாவலராக அமர்ந்த டாக்டர் கிளெக்ஹார்ன் அத்தகையார். அவர் சென்னையிற் பிறந்தவர், தொழிலால் வைத்தியர். ஆயினும் தனிப்பட்ட ஒருவரது ஆற்றல் அவரோடு மறையும். இலாகா நிலைபெற வேண்டுமாயின் அதன் பணியாளர் ஒரே முறையிற் பயின்றவராதல் வேண்டும். இங்கிலாந்திலோ அக்காலத்து வனவியல் கற்பிக்கும் கல்லூரி ஒன்றும் இல்லை. ஆதலின் பிராண்டிஸ் விடுமுறையில் ஐரோப்பா சென்றபோது, தெரிந்தெடுத்த இளைஞரை ஜெர்மனியிலும் பிரான்சு தேசத்து நான்சி வனக்கல்லூரியிலும் பயிற்றும் ஏற்பாட்டைச் செய்து முடித்தார். 1867 முதல் அப்பயிற்சி நடைபெறலாயிற்று. வில்லியம் ஷ்லிக், பெர்த்தோல்டு ரிப்பன்டிராப் என்னும் இரு ஜெர்மானிய வனவறிஞரையும் இந்தியாவுக்கு வருவித்தார். பிற்காலத்தில் அவ்விருவரும் ஒருவர்பின் ஒருவராக அவர் வகித்த பதவியில் அமர்ந்தனர்.

ஆயினும் கடல் கடந்து கற்றுவந்த சிலரால் மட்டும் காடு நிருவகிக்கப்படுமா? எல்லைக்கல் நடுவதும், மரங்களை அளப்பதும், தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், வண்டிப்பாதை அமைப்பதும், வெட்டுமரத்துக்குச் சம்மட்டி முத்திரையிடுவதும் இந்நாட்டிற் பிறந்த ரேஞ்சர்களும் பாரஸ்டர்களும் அல்லரோ? அவர்க்குக் கல்வியளிக்கும் பொருட்டு 1878-இல் டேராடூனில் வனப்பள்ளி தோன்றிற்று. பிராண்டிஸ் இடத்தைத் தேர்ந்த திறம் வியக்கத்தக்கது. ஒருபுறம் சிவாலிக் குன்றுகளின் சால் காடு. மறுபுறம் ஜௌன்சார் மலைகளின் தேவதாருக் காடு. சுற்றியிருந்த வனப்பகுதிகளும் பயிற்சிக்களமாகப் பள்ளியோடு இணைக்கப்பட்டன. வைத்திய மாணாக்கர்க்கு ஆஸ்பத்திரி எப்படியோ, வன மாணாக்கர்க்குக் காடு அப்படியே. தாவர நூல், நில அளவை, மரவளர்ப்பு, வனச்சட்டம் என்பவற்றைப் புத்தகத்திற் கற்றவர், அவற்றையே காட்டிற் கைப்படச் செய்து காட்டவும் வேண்டியிருந்தது. 1884-இல் அப்பள்ளி இந்திய அரசாங்கத்தின் நேரான ஆதரவுக்கு வந்தது.

இதில் ஒரு குறை இருந்தது. அதனைக் கூறாது விடுதல் தகாது. டேராடூனிற் பயின்றோர் பல்லாண்டுகள் கீழ்நிலை உத்தியோகங்களிலேயே பெரும்பாலும் நிறுத்தப்பட்டனர். உயர்பதவிகள் ஐரோப்பாவிற் பயின்று வந்த வெள்ளையர்க்கே வாய்த்தன. வனவியல் இந்நாட்டு மண்ணில் வேரூன்ற வேண்டுமாயின் இந்நாட்டாரே அதனைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்பது பிராண்டிஸின் விருப்பம். அவ்விருப்பம் நிறைவேற நெடுங்காலம் சென்றது.

சட்டத்திலும் அவர் எண்ணியபடி யாவும் நடந்தில. 1865-ஆம் ஆண்டுச் சட்டம் போதாதெனக் கண்டு, 1878-இல் விரிவான வனச்சட்டம் இயற்றப்பட்டது. காடுகள் யாவற்றிலும் அரசாங்கமே முழு உரிமை கொள்ளல் வேண்டும் என்று பேடன் பவல் முதலிய அதிகாரிகள் வாதித்தனர். பிராண்டிஸோ, விறகும் தழையும் மேய்ச்சலும் பெறுதற்குக் கிராமங்களுக்கெனத் தனிக்காடுகள் ஒதுக்கி, அவற்றைக் கிராமத்தாரே பேணுமாறு பழக்க வேண்டும் என்றார். கிராமக் காடு பற்றிய பிரிவு சட்டத்தில் இடம் பெற்றது. நடைமுறையில் அதற்கு உயிரில்லை. அதனால் விளைந்த மனத்தாங்கல் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 2006-இல் வன உரிமைச் சட்டம் நிறைவேறிய வரலாற்றைப் படிப்போர், பிராண்டிஸின் சொல் அன்று கேட்கப்பட்டிருப்பின் எத்துணை வழக்கும் கண்ணீரும் குறைந்திருக்கும் என்று எண்ணாதிரார்.

நம் மாகாணத்துக்கும் அவர்க்கும் உள்ள தொடர்பு இங்குக் கூறற்பாலது. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சென்னை அரசாங்கம் ஏற்கவில்லை. கிராமத்தாரின் பழைய உரிமைகளுக்கு அது பொருந்தாது என்பதே காரணம். பின்பு 1881-இல் பிராண்டிஸ் சென்னைக்கு அனுப்பப்பட்டார். மாகாணத்துக் காடுகளைப் பார்வையிட்டு, வன நிருவாகம் குறித்த தம் யோசனைகளை 1883-இல் நூலாக வெளியிட்டார். இதற்கிடையே 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் தோன்றிற்று. தமிழ்நாடு வனச்சட்டம் என்ற பெயருடன் அது இன்றும் வழங்கி வருகின்றது. விதை தூவிய இடத்திற் பின்னர் விளைவும் கண்டது. கோயம்புத்தூரில் 1902-இல் காஸ் வனக் காட்சிச்சாலையும், 1912-இல் சென்னை வனக்கல்லூரியும் தோன்றின. தென்னாட்டு ரேஞ்சர்கள் டேராடூன் வரை செல்லாது தம் நாட்டுத் தேக்கையும் ஈட்டியையும் சந்தனத்தையும் அருகிருந்தே கற்க அதனால் வழி பிறந்தது.

1883-இற் பிராண்டிஸ் ஓய்வு பெற்றார். உழைத்துக் களைத்தவர் பான் நகரத்தில் ஓய்ந்திருப்பார் என்றே எவரும் எண்ணுவர். அவரோ மீண்டும் ஆசிரியரானார். இந்திய வன உத்தியோகத்துக்கென இங்கிலாந்திற் பயின்ற இளைஞர் ஐரோப்பியக் காடுகளிற் செயன்முறைக் கல்வி பெற வந்தபோது, 1896 வரை அவர்களை நடத்திச் சென்றவர் அவரே. 1889-இல் அமெரிக்க இளைஞர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். கிப்பர்டு பின்ஷோ என்னும் அவரை நான்சிக் கல்லூரிக்கு அனுப்பி, எந்தக் காட்டை எவரிடம் நின்று பார்க்க வேண்டும் என்றும் வழிகாட்டினார். அப்பின்ஷோவே 1905-இல் அமெரிக்க வன இலாகாவின் முதல் தலைவரானார். யேல் பல்கலைக்கழகத்தின் வனப்பள்ளி 1900-இல் அவர் குடும்பத்தாரின் நன்கொடையால் தோன்றியது.

கார்ல் ஷெங்க் என்னும் ஜெர்மானியரும் பிராண்டிஸின் மாணாக்கர் பயணங்களில் உடனிருந்து துணை செய்தவர். அவர் அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்துப் பில்ட்மோர் பண்ணையில் 1898-இல் ஒரு வனப்பள்ளி நிறுவினார்; அந்நாட்டில் முதன்முதல் எழுந்த வனப்பள்ளி அதுவே. முற்பகலிற் பாடம் கேட்ட மாணாக்கர் பிற்பகலிற் குதிரையேறிக் காட்டுக்குச் செல்வர். மரம் வீழ்த்துதல், கட்டை இழுத்தல், அறுப்பாலை நடத்துதல், வரவுசெலவு பார்த்தல் ஆகிய யாவும் அங்கே கல்வியாயின. 1913-இல் அப்பள்ளி மூடப்பட்டது. ஆயினும் அதிற் பயின்றோர் அந்நாட்டு வன உத்தியோகங்களிலும் மரத்தொழிலிலும் பரவி நின்றனர். பெகு மலையில் யானைமீதிருந்து கீறிய கணக்கு, இரண்டு சமுத்திரங்களுக்கு அப்பாலும் பாடமாயிற்று.

முதுமையிலும் அவர் பேனா ஓயவில்லை. வடமேற்கு, மத்திய இந்திய வனத் தாவரங்களைப் பற்றி 1874-இல் அவர் வெளியிட்ட நூல் புகழ் பெற்றது. அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொஸைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கிற்று. 1887-இல் அரசாங்கம் அவர்க்கு ஸர் பட்டம் அளித்தது. இந்திய மரங்கள் என்னும் பெருநூல் 1906-இல் வெளிவந்தபோது அவர்க்கு வயது 82. மரம், புதர், கொடி, மூங்கில், பனையினம் ஆக ஏறக்குறைய 4,400 இனங்கள் அதில் இடம் பெற்றுள்ளன. அடுத்த ஆண்டு, 1907 மே மாதம் 28-ஆம் நாள், பிறந்த பான் நகரத்திலேயே அவர் காலமானார். பிராண்டிசியா என்னும் செடியினம் இன்றும் அவர் பெயரைச் சுமந்து மலர்கின்றது.

அவர் கூறியவை யாவும் மாறாத வேதவாக்கு அல்ல. காட்டிலிருந்து தீயை முற்றும் விலக்கவேண்டும் என்று அவர் காலத்தார் நம்பினர். ஈரமிக்க பர்மியக் காடுகளில் அவ்வாறு காத்தபோது, மூங்கிலும் புதரும் மண்டித் தேக்கின் இளங்கன்றுகள் அருகின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பயிற்சி பெற்ற பின்னோரே அதனை அளந்து கண்டு அம்முறையைக் கைவிட்டனர். இதனாற் பிராண்டிஸின் பெருமை குன்றுமோ? எம் கருத்து அதுவன்று. முன்னோர் கணக்கைப் பார்த்துத் திருத்தவல்ல பின்னோரை உண்டாக்கியதே அவர் நிறுவிய கல்வியின் பயன். திருத்துவார் இல்லாத அறிவு, காப்பார் இல்லாத காடுபோல் அழியும்.

நம் மாணாக்கருட் பலர் உத்தியோகம் என்றதும் மேசையும் மின்விசிறியும் உள்ள அறையையே நினைக்கின்றனர். டேராடூனிலும் கோயம்புத்தூரிலும் வனப்பணிக்குரிய கலாசாலைகள் இன்றும் நடைபெறுகின்றன. மகளிரும் அங்கே பயின்று மலையேறுகின்றனர். அட்டையும் காய்ச்சலும் யானைத் தடமும் உள்ள அவ்வாழ்வு யாவர்க்கும் உரியதன்று. ஆயினும் தம் ஆயுளில் பயனைக் காணமுடியாத வேலையை மனநிறைவோடு செய்யவல்லார் எவரேனும் நம் வகுப்பறைகளில் இருப்பின், அவர் இப்பெரியாரின் வரலாற்றை ஒருமுறைக்கு இருமுறை படிப்பாராக. அவர் இன்று எண்ணிக் குறிக்கும் கன்றினை, அவர் பெயரும் அறியாத ஒருவர் நூறாண்டு கழித்து அளந்து பார்ப்பார். அந்த அளவு சரியாக இருக்குமாயின், அதுவே அவர் பெறும் கூலி.